ஐப்பசியில் வீடு பாருங்கள்: கும்பகோணத்துப் பழைய வீட்டுப் போர்ஷனில் குடியிருந்த அனுபவம்

கும்பகோணத்தில் பழைய வீடுகளை வாடகைக்கு விடும் முறை நன்றாகவே மாறிவிட்டது. முன்பெல்லாம் நீளமான வீட்டின் முன்கட்டில் உரிமையாளர் இருப்பார். இரண்டாங்கட்டில் ஒரு குடும்பம் குடிக்கூலிக்கு இருக்கும். கிணறும் கொல்லையும் எல்லோருக்கும் பொது. இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வீட்டை இரண்டாகவோ மூன்றாகவோ குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படுக்கையறை, உள்ளேயே குளியலறை, மேடை வைத்த சமையலறை, டைல்ஸ் தரை எல்லாம் செய்து விடுகிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் திண்ணையும் மரத்தூண்களும் பழையபடியே இருக்கின்றன. உள்ளே போனால் நேற்றுக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு போலப் பளபளக்கிறது.

வங்கி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த நான், அம்மாவுடன் அப்படி ஒரு போர்ஷனில்தான் சில ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சாரங்கபாணி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம், காய்கறிக்கு வண்டி எடுக்க வேண்டாம், அம்மா தனியாகக் கோயிலுக்குப் போய் வரலாம். புறநகரில் இதே வாடகைக்கு இரண்டு படுக்கையறை வீடு கிடைத்திருக்கும். ஆனாலும் இந்த வீட்டை விட எனக்கு மனமில்லை. பழைய வீட்டில் குடியேற நினைக்கிறவர்கள் அந்தப் பளபளப்புக்கு அடியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் தண்ணீர். கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். நல்ல ஆண்டாக இருந்தால் ஆடிப் பெருக்கின்போது ஆற்றில் இரு கரையும் நனையத் தண்ணீர் ஓடும். அது ஓயும் முன்பே ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஊரைச் சுற்றி வயலெல்லாம் நீர் நிற்கும். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் மேலே ஏறி வந்துவிடும். ஆண்டில் பாதி நாள் நம் காலுக்குக் கீழே மண் ஈரமாகத்தான் இருக்கிறது. அந்த ஈரம் செங்கல் வழியாகச் சுவரில் மேலேறுவதைத்தான் ஓதம் ஏறுகிறது என்கிறோம்.

பழைய வீட்டைக் கட்டியவர்களுக்கு இது தெரியும். தெருமட்டத்திலிருந்து தரையை உயர்த்தித் திண்ணை வைத்தார்கள். நடுவில் முற்றம் விட்டார்கள். மழைநீர் அதில் விழுந்து சாக்கடைக்குப் போகும், வெயில் அதில் இறங்கித் தாழ்வாரத்துச் சுவர்களை உலர்த்தும். சுவரைத் தட்டையான செங்கலால், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டி, மேலேயும் சுண்ணாம்பையே பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் தங்காது. கீழிருந்து ஏறிய நீர் முழங்கால் உயரத்துக்குள்ளேயே காற்றில் ஆவியாகிப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளை அடித்தால் கறையும் மறைந்துவிடும்.

புதுப்பிக்கும்போது என்ன செய்கிறார்கள்? அதே சுவரில் சிமெண்டைப் பூசுகிறார்கள். அதன்மேல் பட்டி பார்த்து எமல்ஷன் பெயிண்ட் அடிக்கிறார்கள். தரையோரம் ஒரு சாண் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே மேலே ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் வருகிறது. கூடவே மண்ணிலிருந்து கரைந்து வந்த உப்பு பெயிண்டுக்குப் பின்னால் பூத்து, பூச்சைத் தள்ளிப் பொரிப் பொரியாக உதிர வைக்கிறது. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள் படும் துன்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு காரியத்தால் வருவது. வீட்டின் வயதைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நூறு ஆண்டு தாங்கிய சுவருக்குப் பொருந்தாத பூச்சைப் பூசிவிட்டு, அதைப் புதுப்பித்தல் என்று சொல்லி வாடகையை உயர்த்துவதைத்தான் குறை சொல்கிறேன்.

வீடு தேடும் முன்பு, சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கும் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை 2003இல் வாங்கி, பழைய நிலையிலேயே பாதுகாத்து வருகிறது. திண்ணை, தெருவைப் பார்த்த சன்னலுடன் சின்ன அறை, கூடம், சமையல் உள், பின்னால் கிணறு என்று ஒரு சிறிய வீட்டின் அமைப்பு முழுவதும் அங்கே கண்ணுக்குத் தெரியும். எங்கே காற்று நுழைந்து எங்கே போகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நின்று பார்த்தால், பிறகு நீங்கள் பார்க்கப் போகும் போர்ஷனில் எதை அடைத்திருக்கிறார்கள், எதை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று உடனே புரிந்துவிடும்.

அம்மா பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர். தரகர் எங்களை அழைத்துப் போன ஒவ்வொரு வீட்டிலும் நான் சமையலறையையும் குளியலறையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சக்கரபாணி கோயில் பக்கம் பார்த்த ஒரு வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. "புது பெயிண்டிலேயே சுவர் சில்லென்று இருக்கிறது. மழை வந்தால் இங்கே படுக்க முடியாது" என்று அம்மா சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அது ஆனி மாதம். அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

அந்தத் தேடலில் அம்மாவிடம் கற்றுக்கொண்ட சோதனைகள் சில இருக்கின்றன. விரல் முட்டியால் சுவரைத் தட்டினால், பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். கதவு நிலையின் அடிப்பாகத்தைச் சாவியால் இலேசாகக் குத்திப் பாருங்கள். கரையான் தின்ற மரம் உள்ளே போகும். புது பெயிண்ட் அடித்த நிலையில் இதைச் செய்யத் தயங்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே செய்யலாம். பழைய மாடி வீடுகளில் தேக்கு விட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும். அந்த விட்டங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. பால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தால், ஒரு விளக்கைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்து கறுத்த விட்டம் ஒன்று தெரிந்தாலும் அந்த வீடு வேண்டாம். இதில் சமரசம் செய்ய முடியாது; தலைக்கு மேல் இருக்கும் பொருள்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த சோதனை மழைக்காலம்தான். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பாருங்கள். பள்ளி, மாற்றல் என்று சித்திரை, வைகாசியில்தான் எல்லோரும் வீடு தேடுகிறோம். அது சுவர் மிக நன்றாக உலர்ந்திருக்கும் காலம். அப்போது பார்க்க நேர்ந்தால், பக்கத்துப் போர்ஷனில் இருப்பவர்களிடம் போன தீபாவளிக்கு வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள்.

நாங்கள் எடுத்த வீடு இரண்டாங்கட்டு. முற்றத்தை அடைக்கவில்லை, மேலே கம்பி வலை மட்டும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அம்மா முடிவு செய்துவிட்டார். பல வீடுகளில் குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தின் மேல் நிறமற்ற பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். வெளிச்சம் வரும், உண்மைதான். ஆனால் வெயில் காலத்தில் சூடு உள்ளேயே தங்கும், மழைக்காலத்தில் துணியும் காயாது, சுவரும் காயாது. தகடு போட்டே ஆகவேண்டும் என்றால் ஓரத்தில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு உயர்த்திப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்படிப் பார்த்து எடுத்த வீட்டிலும் ஒரு சுவர் எங்களைப் படுத்தியது. படுக்கையறையில் சுவரோடு சேர்த்துப் புதிதாகச் செய்த அலமாரி ஒன்று இருந்தது. முதல் கார்த்திகையில் அதற்குள் பூஞ்சை வாசனை வந்தது. துணிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் பின்பலகை உப்பி, சுவர் முழுக்க உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்காரரின் மகன் சென்னையிலிருந்து ஆள் அனுப்பினார். அவர்கள் பூச்சைக் கொத்திவிட்டு, நீர் புகாத ரசாயனம் கலந்த சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அந்த இடம் நன்றாக இருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே புதிதாகப் பெயிண்ட் உரிந்தது. ஈரத்துக்கு அடைத்த இடத்தைத் தாண்டி ஏற வழி தெரியும்.

அதன்பிறகு அம்மாவின் ஊரிலிருந்து, கோயில் திருப்பணிகளில் வேலை செய்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சிமெண்டை உரித்து எடுத்துவிட்டுச் சும்மா விடுங்கள் அம்மா. கோடையில் சுவர் தானே காயும். பிறகு சுண்ணாம்பு பூசலாம்." கறை தெரிந்த உயரத்துக்கு மேலே இன்னும் இரண்டடி வரை சிமெண்டை உரித்தார். மாசி, பங்குனி முழுவதும் செங்கல்லை அப்படியே திறந்து விட்டோம். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திக் கால் வைத்துத் தனியாக நிறுத்தினோம். கல் சுண்ணாம்பை நீரில் நீற்றி, பல நாள் ஊறவிட்டு, மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீர் சேர்த்துப் பூசினார். சிமெண்டைப் போல ஒரே நாளில் இறுகாது. மெல்ல இறுகும்வரை ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். அந்தச் சுவர் இப்போது மழைக்காலத்தில் அடியில் சற்று நிறம் மாறும், தையில் பழையபடி வெளுத்துவிடும். பூஞ்சை இல்லை, வாசனை இல்லை.

இந்தச் செலவு யாருடையது என்பதில் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சு நடந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகளையும், வெள்ளையடிப்பதையும், குழாய், மின்கம்பி மாற்றுவதையும் உரிமையாளரின் பொறுப்பாக வைக்கிறது. குழாயில் வாஷர் மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை. ஒப்பந்தத்திலேயே "சுவர் ஓதம், மேல்தள ஒழுகல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி நான் எழுதச் சொல்லியிருந்தேன். அந்த வரி இருந்ததால் பேச்சு சண்டையாகாமல் முடிந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கு இடையிலும் எழுத்தில் இருப்பதுதான் உறவைக் காப்பாற்றுகிறது.

முன்பணத்துக்கும் இது பொருந்தும். முதலில் பத்து மாத வாடகையைக் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் வேறாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே என்ன தொகை எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதே முக்கியம். நாங்கள் மூன்று மாதத்தில் நின்றோம். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று தரகர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதே இப்போதைய சட்டம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வரும் பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும். ஒரே இணைப்பிலிருந்து மூன்று போர்ஷனுக்கு உள்மீட்டர் வைத்துப் பிரித்தால், மூன்று குடும்பமும் சேர்ந்து அந்த 500ஐ எளிதாகத் தாண்டிவிடும்; இலவச 100 யூனிட்டும் யார் கணக்கில் போகிறது என்று தெரியாது. உள்மீட்டருக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே ஒரு விலை வைத்து வசூலிப்பார். உங்கள் போர்ஷனுக்கென்று தனி மின் இணைப்பு எண் இருக்கிறதா என்பதை வாடகை பேசும் முன்பே கேளுங்கள். எங்கள் வீட்டில் தனி இணைப்பு இருந்தது; ஆனால் தண்ணீர் மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. முன்கட்டில் இருக்கும் அக்காதான் அதைச் சொன்னார். இப்போது மோட்டாரைப் பொது மீட்டருக்கு மாற்றியாகிவிட்டது.

குளியலறைக்கு வருகிறேன். இந்த வீடுகளில் கழிப்பறை முன்பு கொல்லைக் கோடியில்தான் இருந்தது. இப்போது படுக்கையறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் பாதாளச் சாக்கடை தெருவில், வீட்டின் முன்னால் இருக்கிறது. இரண்டாங்கட்டிலிருந்து கழிவுநீர்க் குழாய் கூடத்துக்கும், வாசலை ஒட்டிய நடையான ரேழிக்கும் அடியில் வீட்டின் முழு நீளமும் ஓடி வாசலுக்கு வர வேண்டும். நீளம் கூடும்போது போதிய சரிவு கொடுப்பது கடினம். அடைத்துக்கொண்டால் திறப்பு மூடி எங்கே இருக்கிறது என்பது பெரிய கேள்வி. எங்கள் குழாயின் திறப்பு முன்கட்டுக்காரர்களின் ரேழியில், அவர்கள் போட்ட மரப்பெட்டிக்கு அடியில் இருந்தது. வீடு பார்க்கும்போதே ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். திறப்பு மூடிகள் எத்தனை, எங்கே என்று கேட்டுக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுற்றி டைல்ஸில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகம் என்று பொருள்; வெள்ளைத் துணிகள் பழுத்துவிடும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு தேடும்போது, "நீங்கள் எந்தத் தெரு? எந்த ஊர்க்காரர்கள்? சைவம்தானே?" என்று கேட்பார்கள். சாதியை நேராகக் கேட்காமல் கேட்கும் வழி இது. அந்தக் கேள்வி வந்த வீடுகளில் நாங்கள் பதில் சொல்லாமல் எழுந்து வந்தோம். ஒரு மனிதர் வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அவர் பிறப்பைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. என்னுடன் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தத் தெருக்களில் வீடே கிடைக்காமல் ஊருக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் வேலையையும், எத்தனை பேர் என்பதையும் மட்டும் கேட்டார். மரத்தூணும் முற்றமும் இல்லாத சாதாரண வீடாக இருந்திருந்தாலும், அதற்காகவே நான் அவரிடம் குடியேறியிருப்பேன்.

திருவிழா நாட்களுக்கும் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும். சாரங்கபாணி கோயில் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அது வரும் நாளில் குறுக்கே போகும் மின்கம்பிகளுக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள்; முதல் நாளே தொட்டியை நிரப்பி, ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை வண்டியை வெளியே எடுக்க முடியாது. இதையெல்லாம் தொந்தரவு என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியில் வீடு எடுக்காமல் இருப்பதே நல்லது. எனக்கு அது ஆண்டில் மிகவும் பிடித்த நாள். திண்ணையில் உட்கார்ந்தபடியே தேரைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்புக்கு எந்த வசதியையும் விட்டுக்கொடுப்பேன்.

இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016இல் நடந்தது; அடுத்தது 2028 மாசியில். உறவினர்கள் வந்து தங்குவதற்காக அந்த மாதத்துக்கு வீட்டைக் காலி செய்து தர வேண்டும் என்று வீட்டுக்காரரின் மகன் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் கூடத்தில் அவர்கள் குடும்பம் நாலைந்து நாள் தங்கிக்கொள்ளலாம், காலி செய்ய முடியாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதோடு, சமையலறைச் சுவரிலும் சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும், வேலையை மாசியில் தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கொத்தனார் சுண்ணாம்பை நீற்றத் தையிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.